சர்வீஸில் ஆயிலைக் கூடுதலாக ஊற்றிவிட்டார்கள்: உங்களுக்கும் நடந்ததா?

ராமநாதபுரத்திலிருந்து:

போன மாதம் நடந்தது. என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், ஏழு வருடம் ஓடியிருக்கிறது. இலவச சர்வீஸ் முடிந்ததிலிருந்து ஊரிலேயே ஓர் ஒர்க்‌ஷாப்பில்தான் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தனுஷ்கோடி போவதாக இருந்தோம். அதனால் வெள்ளிக்கிழமையே ஆயிலும் ஆயில் பில்டரும் மாற்றி எடுத்து வந்தேன். ஓட்டி வரும்போது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஞாயிறு காலை கிளம்புகிற நேரத்தில் மாமனார் பானெட்டைத் திறக்கச் சொன்னார். மண்டபத்தில் பல வருடம் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். கடலுக்குப் போகுமுன் ஆயில் கேஜை, அதாவது ஆயில் மட்டம் பார்க்கிற குறிபோட்ட கம்பியை, உருவிப் பார்க்காமல் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணியதே கிடையாது என்பார். "முந்தாநாள்தான் மாத்துனது மாமா, சரியா இருக்கும்" என்றேன். "மாத்துன பிறகுதான் மாப்ள கண்டிப்பாப் பாக்கணும்" என்றார்.

உருவித் துடைத்து, மறுபடி முழுதாக உள்ளே விட்டு எடுத்தார். மேல் குறியைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. திரும்பப் பார்த்தோம், அதே அளவு. வாசலில் சமமான சிமெண்ட் தரை, இன்ஜின் இரவு முழுக்க நின்றிருக்கிறது. கேஜ் தப்பாகக் காட்ட வழியில்லை. "இதோட பாலம் தாண்ட வேணாம்" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில்தான் போனோம்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். பார்த்தவுடனே அங்கே சொன்ன பதில்: "சார், கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதான். நம்ம ஊரு வெயிலுக்கு எப்படியும் குறைஞ்சிரும்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்ல நிலையில் இருக்கிற இன்ஜின் வெயிலுக்காக அரை லிட்டர் ஆயில் குடிக்காது. குறைகிறதென்றால் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்காவது கசியும். கூடினால் நல்லது என்பது இன்னும் பெரிய தப்பு. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டிதான் சம்ப். அதில் ஆயில் நிற்க வேண்டிய மட்டத்துக்கு மேலேதான் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றவைக்கிற தண்டு, சுற்றுகிறது. மட்டம் அதிகமாக ஏறினால் கிராங்க் ஆயிலில் அடிக்கும். நிமிடத்துக்கு 2,000, 3,000 சுற்றில் மோர் கடைவது மாதிரி. ஆயில் நுரைத்துவிடும். பம்ப் அந்த நுரையை இழுத்தால் பேரிங்குக்குப் போவதில் பாதி காற்று, ஆயில் பிரஷர் நிற்காது. இன்னொரு பக்கம் இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடுகிற பிரீதர் ஹோஸ் வழியாக ஆயில், இன்ஜின் காற்றை இழுக்கிற இன்டேக்கில் ஏறி ஏர் பில்டரை நனைக்கும், சைலன்சரில் நீலப்புகை வரும். நாள்பட்டால் ஆயில் சீல் கசியும், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும். எவ்வளவு கூடினால் கிராங்க் அடிக்கும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். ஆனால் அதை என் காரில் சோதித்துப் பார்க்க நான் தயாராக இல்லை.

பில்லை எடுத்துக் காட்டினேன். அதில் 3.5 லிட்டர். கார் கையேட்டில் பில்டரோடு சேர்த்து 3.1 லிட்டர். விஷயம் அவ்வளவுதான். கடையில் கிடைக்கிற கேன் 3.5 லிட்டர், அதைத் திறந்து அப்படியே கவிழ்த்திருக்கிறார்கள். யாரும் கேஜைப் பார்க்கவே இல்லை.

கொஞ்ச நேரம் பேச்சு நீண்டது. கடைசியில் கடைக்காரர் பையனைக் கூப்பிட்டு ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்திக் குறைக்கச் சொன்னார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பிடித்தார்கள், பாதிக்கு மேல் வந்தது. 400 மில்லிதானே கூட, இது எப்படி 600 பக்கம் வருகிறது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை பழைய ஆயிலை இன்ஜின் சூடாகாமலே வடித்திருக்கிறார்கள், அதுவும் அவசரமாக. மிச்சம் உள்ளேயே நின்றிருக்கிறது. அதன் மேல்தான் 3.5.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். எந்தக் கடை என்று வேண்டாம். என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று மட்டும்.

கீழக்கரையிலிருந்து:

அண்ணே, என் கதை வேறு மாதிரி. நான் கடைக்காரரிடம் போட்ட சண்டை தப்பாகிப்போனது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார். சர்வீஸ் முடித்த அன்று கேஜ் சரியாக மேல் குறிக்குக் கீழே இருந்தது, நானே பார்த்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் குறியைத் தாண்டி நிற்கிறது. எனக்குத் தெரியாமல் வாட்டர் வாஷுக்கு விட்டபோது யாரோ டாப் அப் பண்ணிவிட்டார்கள் என்று நினைத்து அந்தக் கடையில் போய்ச் சத்தம் போட்டேன். அவர்கள் இல்லவே இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை.

அப்புறம் எங்கள் தெரு மெக்கானிக் காக்கா கேஜை உருவி மோந்து பார்த்தார். "இது ஆயில் கூடல தம்பி, டீசல் கலந்துருக்கு" என்றார். டிபிஎப் என்று புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி ஒன்று சைலன்சர் லைனில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகுதான் நம் ஊர் டீசல் கார்களில் இது பரவலானது. கரி நிறைந்தால் அதை எரிப்பதற்கு இன்ஜின் தானாகவே கொஞ்சம் கூடுதல் டீசல் விடும். அதற்கு வண்டி கொஞ்ச தூரம் நிற்காமல் ஓட வேண்டும். நான் ஓட்டுவதோ வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கு, அதிகம் போனால் ஏர்வாடி. எரிப்பு பாதியில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து சம்ப்பில் இறங்கியிருக்கிறது. மட்டம் ஏறியது மட்டுமில்லை, ஆயில் தண்ணீராக இளகிவிட்டது. உறிஞ்சி எடுத்து மட்டத்தைக் குறைத்தால் போதாது, முழுதாக மாற்றத்தான் வேண்டும் என்றார். மாற்றினேன்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை சாயல்குடி பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வருகிறேன். மட்டம் ஏறவில்லை. சத்தம் போட்ட கடைக்கும் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். டீசல் வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகுமுன் ஒருமுறை மோந்து பாருங்கள்.

தொண்டியிலிருந்து:

நான் ஆசிரியை. தினமும் காரில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். எனக்கு இது மதுரையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் நடந்தது, அதனால் சின்னக் கடை என்றால்தான் இப்படி என்று நினைக்காதீர்கள்.

திரும்பி வரும்போது திருப்பத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கண்ணாடியில் நீலப்புகை தெரிந்தது. மறுநாள் கேஜைப் பார்த்தேன், குறிக்கு மேலே. போன் செய்தால், "மேடம், பேரலிலிருந்து கன் மூலமா அளந்துதான் அடிக்கிறோம், கூட வராது. வீட்டுல சாரை ஒருதடவை பாக்கச் சொல்லுங்க" என்றார்கள். கேஜில் இரண்டு குறி இருக்கிறது, அதற்கு நடுவில் இருக்க வேண்டும், இல்லை. இதைப் பார்க்க எதற்கு வேறொருவர்? கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

அப்புறம் யோசித்து, நாற்பது நிமிடம் ஓட்டிவந்து, சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துக் கேஜை வெள்ளைத் துணிமேல் வைத்துப் படம் எடுத்தேன். ஓடோமீட்டரையும் பில்லையும் சேர்த்து எடுத்தேன். சர்வீஸ் முடிந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது அதில் தெரிந்துவிடுமே. வாட்ஸப்பில் அனுப்பாமல் மின்னஞ்சலில் மேலாளருக்கே அனுப்பினேன். அடுத்த நாள் அவரே கூப்பிட்டார். ஆயிலைக் குறைத்து, நனைந்திருந்த ஏர் பில்டரையும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். படம் இல்லையென்றால் கடைசிவரை சாரை வரச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து:

டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன், டர்போ டீசல். தங்கச்சிமடம் தாண்டும்போது இன்ஜின் தானாக உறுமி ஏற ஆரம்பித்தது. காலை எடுத்தும் குறையவில்லை. சாவியை ஆப் செய்தும் நிற்கவில்லை, பின்னால் ரோடே தெரியாத அளவு புகை. ஓரம் கட்டி, டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டேன். குலுங்கி நின்றது. உள்ளே பதினோரு பேர். ஆயில் இரண்டு லிட்டர் கூட ஊற்றியிருந்தார்கள். இன்டேக்கில் ஏறிய ஆயிலையே டீசலாக எரித்து ஓடியிருக்கிறது, அதனால்தான் சாவிக்குக் கட்டுப்படவில்லை. அன்றிலிருந்து ஆயில் ஊற்றும்போது பக்கத்திலேயே நிற்கிறேன்.

தேவிபட்டினத்திலிருந்து:

நான் பட்டறை வைத்திருப்பவன். எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் பக்கம் தப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கே தப்பு நடக்கிறது என்று உள்ளே இருந்து சொல்கிறேன்.

முதலாவது, இன்ஜினை ஆப் செய்த அடுத்த நிமிடமே கேஜைப் பார்ப்பது. ஆயில் அப்போதுதான் மேலேயிருந்து வடிந்துகொண்டிருக்கும், கேஜ் குறைவாகக் காட்டும். பையன்கள் அதைப் பார்த்து இன்னும் கால் லிட்டர் ஊற்றிவிடுவார்கள். அரை மணி கழித்துப் பார்த்தால் கூடுதல். ஐந்திலிருந்து பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கொடுத்தாலும், வாசலில் நான்கு வண்டி நின்றால் யாரும் பொறுப்பதில்லை. அப்புறம் எங்கள் பட்டறைகளில் பாதி மணல் தரை. ஒரு பக்கம் சக்கரம் புதைந்து வண்டி சாய்ந்து நின்றால் அளவே தப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. "மிச்ச ஆயிலையும் ஊத்திருங்கண்ணே, காசு குடுத்ததுதானே" என்று சொல்கிற வாடிக்கையாளர்கள் நிறைய. கேனை மூடிக் கையில் கொடுத்தால், பழைய ஆயிலைக் கொடுத்து ஏமாற்றுகிறானோ என்று பார்க்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நான் படகு இன்ஜின் வேலையும் பார்க்கிறேன். தேய்ந்த படகு இன்ஜின் ஆயில் குடிக்கும், அதற்குக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிப் பழகிய கை, காருக்கும் அப்படியே ஊற்றிவிடுகிறது. நான் பயிற்சி கொடுத்த பையனிடமே இதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அளவு போட்ட ஜக் வாங்கி வைத்திருக்கிறேன். கேனிலிருந்து நேராக ஊற்ற விடுவதில்லை.

கூட இருக்கிற ஆயிலைக் குறைக்க ட்ரெயின் போல்ட்டைத் தொட வேண்டியதே இல்லை. நம் உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடித்திருக்கும், அடிக்கடி கழற்றினால் மரை போகும், வாஷரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டும். கேஜ் துளை வழியாக மெல்லிய ட்யூப் விட்டு உறிஞ்சி எடுத்தால் போதும்.

ராமநாதபுரத்திலிருந்து:

தேவிபட்டினம் அண்ணன் இவ்வளவு திறந்து சொன்னதற்கு நன்றி. மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்சும் மெல்லிய ட்யூபும் வாங்கி வைத்துவிட்டேன்.

நேற்று அதே கடைக்கு மாமனாரின் காரை விட்டிருந்தோம், அதுவும் 3.1 லிட்டர்தான். ஊற்றும்போது நானும் மாமாவும் நின்றோம். கடைக்காரர் தானாகவே பையனிடம், "நிறுத்து, பத்து நிமிஷம் கழிச்சுப் பாப்போம்" என்றார். மாமா கேஜை உருவிப் பார்த்துத் தலையாட்டினார். மிச்சம் 400 மில்லி மூடியிறுக்கி டிக்கியில் இருக்கிறது.