பிளாஸ்டிக் மரை தேய்ந்த இடத்தில் பித்தளை இன்சர்ட்: பொருத்தியவர்களின் அனுபவங்கள்

விலை குறைந்த மல்டிமீட்டர்கள் பலவற்றில் பேட்டரி மூடியைப் பிடித்திருப்பது, பிளாஸ்டிக்கில் தன் மரையைத் தானே வெட்டிக்கொண்டு இறங்கும் ஒரு சிறு ஸ்க்ரூதான். எப்போதாவது கழற்றி மாட்டுவதற்கு அது போதும். ஆனால் அடிக்கடி திறக்கப்படும் மூடியில், ஸ்க்ரூ பழைய தடத்தைப் பிடிக்காமல் புதிய தடத்தை வெட்டிக்கொண்டே போவதால், சிறிது காலத்தில் துளைக்குள் மரை என்று சொல்லத்தக்கது எதுவும் மிஞ்சுவதில்லை. என் மீட்டருக்கு அந்த நிலை வந்தபோது, சூப்பர் க்ளூவும் ஆப்ப சோடாவும் இட்டுத் துளையை நிரப்பும்படி பலர் கூறினார்கள். அந்தக் கலவை கல்லைப்போல் இறுகுவது உண்மைதான். ஆனால் நொறுங்கும் தன்மையுடையது என்பதால், திரும்பத் திரும்பத் திறக்கும் இடத்துக்கு அது ஏற்றதல்ல என்று கருதி, சூடாக்கி இறக்கும் எம்3 பித்தளை இன்சர்ட்டைத் தேர்ந்தெடுத்தேன்: அதாவது, 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கான மரை உள்ளே வெட்டப்பட்ட சிறு பித்தளைக் குழல்.

என்னிடம் இருந்த வகை 5.7 மி.மீ. நீளமும், நர்லிங் (பிடிமானத்துக்கான வரிப்பள்ளங்கள்) போட்ட வெளிப்பக்கத்தில் ஏறத்தாழ 4.6 மி.மீ. விட்டமும் கொண்டது, அதற்குரிய துளை 4 மி.மீ. இந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் பிடிமானம் முழுவதும் இருக்கிறது. உருகிய பிளாஸ்டிக் நர்லிங்கின் சாய்ந்த பள்ளங்களுக்குள் புகுந்து உறைந்த பிறகே இன்சர்ட் சுழலாமலும் வெளியே வராமலும் நிற்கும். துளை பெரிதானால் பள்ளங்கள் நிரம்பாது. சிறிதானால் பிதுங்கும் பிளாஸ்டிக் ஸ்க்ரூ இறங்க வேண்டிய மரைக்குள்ளேயே ஏறிவிடும். துளையின் ஆழமும் இன்சர்ட்டின் நீளத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தால், முன்னால் தள்ளப்படும் பிளாஸ்டிக் ஒதுங்குவதற்கு இடம் கிடைக்கும். ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் தூணில், துளையைச் சுற்றி ஒன்றரை மி.மீ. சுவராவது மிஞ்சுமா என்று காலிபரால் அளந்த பிறகே துளையைப் பெரிதாக்கினேன். மின் டிரில் பிளாஸ்டிக்கைக் கவ்வி இழுத்துவிடும் என்பதால், டிரில் பிட்டைக் கையால் சுழற்றியே அந்த வேலையைச் செய்தேன்.

ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மீட்டர் உடலுக்குச் சால்டரிங் அயர்னை 250 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தேன். அழுத்தவே கூடாது, அயர்னின் எடையோடு விரலின் சிறு ஆதரவு மட்டும் இருந்தால், பித்தளை சூடேறியதும் தானாக இறங்கத் தொடங்கும். மேற்பரப்புக்கு மேல் ஏறத்தாழ அரை மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்போதே அயர்னை எடுத்துவிட்டு, தட்டையான உலோகத் துண்டு ஒன்றால் மேலிருந்து அழுத்திப் பிடித்தால், இன்சர்ட் மட்டத்துக்கு வந்து நேராக நின்றுவிடுகிறது. அந்த உலோகமே சூட்டையும் உறிஞ்சிக்கொள்கிறது. முழுமையாக ஆறும் வரை ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். ஏபிஎஸ் உருகும்போது எழும் புகை மூச்சுக்கு நல்லதல்ல. சன்னலைத் திறந்து வையுங்கள்.

மின்னழுத்தம் அளக்கும் கருவிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இன்சர்ட்டும் ஸ்க்ரூவும் உலோகம். ஸ்க்ரூவின் தலை வெளியே விரல் படும் இடத்தில் இருக்கிறது. உள்ளே உள்ள மின்தடங்களுக்கு அருகில் அவை வருமானால், அந்த இடத்தில் இன்சர்ட் வைப்பதையே கைவிட வேண்டும். என் மீட்டரில் அந்தத் தூண் சர்க்யூட் பலகையிலிருந்து தனித்து, பேட்டரி அறையின் ஓரத்தில் இருந்ததால்தான் துணிந்தேன்.

—

மேலே எழுதிய நண்பரின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். லேப்டாப் கீல் உடைந்து வரும்போது, பித்தளை இன்சர்ட் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதைத் தாங்கிய பிளாஸ்டிக் தூண்தான் வேரோடு பெயர்ந்து, ஸ்க்ரூவின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. நான் பழுது பார்த்த இயந்திரங்களில் பெரும்பாலும் காரணம் கீல்தான்: அது இறுகிப்போன பின், திரையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் நெம்புகோல்போல் இன்சர்ட்டை மேல்நோக்கிப் பிடுங்குகிறது. ஆகவே கீலின் நட்டைச் சற்றுத் தளர்த்தாமல் புதிய இன்சர்ட்டை வைப்பது வீண் வேலை.

உடைந்த தூணில் உருகிப் பிடிப்பதற்குப் பிளாஸ்டிக்கே மிச்சம் இல்லாததால், அங்கே சூடு பயன்படாது. மேற்பரப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரு குழாய்களில் வரும் எப்பாக்ஸிப் பசையைக் கலந்து இன்சர்ட்டைச் சுற்றி மேடுபோல் கட்டுகிறேன். எண்ணெய் தடவிய ஸ்க்ரூவை உள்ளே நிறுத்தி வைத்தால் மரைக்குள் எப்பாக்ஸி புகாது. கீலையே அதன் இடத்தில் பொருத்தி, அதன் துளைகளை அளவுச்சட்டமாகக் கொண்டால் இன்சர்ட்டுகள் இம்மியும் விலகாமல் அமையும். ஐந்து நிமிட எப்பாக்ஸியைவிட, இறுகுவதற்கு ஒரு நாள் எடுக்கும் வகையே எனக்கு நம்பிக்கை தருகிறது. அப்படியும் தாங்காத உடல்களில், பின்மூடியைத் துளைத்து மறுபக்கம் வரை போல்ட் போட்டுவிடுவதே நேர்மையான வழி. அழகு கெடும், ஆனால் திரை நிற்கும்.

—

த்ரீ-டி பிரிண்டரில் பாகங்கள் செய்பவன் என்ற முறையில் என் அனுபவம் சற்று வேறானது, ஏனெனில் துளையை வடிவமைப்பதும் என் கையில் இருக்கிறது. துளையைச் சுற்றி நான்கு சுவர்களாவது (ஒன்றையொன்று ஒட்டி அச்சிடும் பிளாஸ்டிக் கோடுகள்) வைத்து அச்சிடாவிட்டால், இன்சர்ட் உள்ளே உள்ள வெற்றிடத்துக்குள் அமிழ்ந்துவிடுகிறது. அச்சிடும் பிளாஸ்டிக் வகைகளில் பிஎல்ஏவுக்கு 220 டிகிரியை ஒட்டிய சூடு போதும். பெட்ஜி (PETG) வகைக்கு 240 வரை வைக்கிறேன்.

பலர் கவனிக்காமல் விடுவது இழுவிசையின் திசை. மேலே வந்து உட்காரும் பாகத்தின் துளை, இன்சர்ட்டின் விட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால், ஸ்க்ரூவை இறுக்க இறுக்க இன்சர்ட் அந்த ஓட்டைக்குள் மேலேறி வந்துவிடும். பாகம் இன்சர்ட்டின் முகத்தின் மேலேயே படிய வேண்டும். இடம் இருக்குமானால், இன்சர்ட்டை மறுபக்கத்திலிருந்து இறக்கிவிடுவது இன்னும் நல்லது: அப்போது இறுக்கும் விசை அதை வெளியே இழுக்காமல், பிளாஸ்டிக்கோடு சேர்த்து அழுத்துகிறது.

பிஎல்ஏ 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் வைத்த போன் தாங்கியில், இன்சர்ட் பொருத்தப்பட்ட நிலையிலேயே மெல்லச் சாய்ந்துபோனதைக் கண்டிருக்கிறேன். அத்தகைய இடங்களுக்கு ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக்கில் அச்சிடுகிறேன்.

—

பழைய ரேடியோக்களில் காணும் பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கிலும் இன்சர்ட்டைச் சூடாக்கி இறக்கலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. அது ஒருமுறை இறுகிய பின் சூட்டால் இளகுவதில்லை, கருகத்தான் செய்யும். பேக்கலைட்டில் காணப்படும் பித்தளை மரைகள், அச்சில் வார்க்கும்போதே உள்ளே வைக்கப்பட்டவை. மரை போன பழைய ரேடியோக் குமிழ் ஒன்றில், துளையைக் கையால் பெரிதாக்கி, எப்பாக்ஸி இட்டு இன்சர்ட்டை நிறுத்தினேன். அது இன்றும் உறுதியாக இருக்கிறது.