மங்கோலியாவின் அய்மக், சும், பக்: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மங்கோலியாவின் ஆட்சிப் பிரிவுகளான அய்மக், அதற்குள் வரும் சும், சும்முக்குள் வரும் பக் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த கருத்துகளைப் படித்தேன். அய்மக் என்பதன் மூலப்பொருள் இனக்குழு, சும் என்றால் அம்பு. ஆகவே ‘குடி’, ‘கணை’ என்று வைக்கலாம் என ஐயா ஒருவர் எழுதியிருந்தார்கள். அழகான சொற்கள். ஆனால் படிக்கிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அந்தப் பிரிவு என்ன வேலை செய்கிறது என்பதுதான். அதை வைத்தே பெயரிட வேண்டும் என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் உண்டு. மங்கோலியாவில் அய்மக் என்பது நாட்டுக்கு அடுத்த படி. சீனாவின் உள் மங்கோலியாவில் அதே சொல் தன்னாட்சிப் பகுதிக்குக் கீழே உள்ள பிரிவைக் குறிக்கிறது. ரஷ்யாவின் புரியாத்தியாவில் இன்னும் சிறிய வட்டார அளவுக்கு இறங்கிவிடுகிறது. வேரைப் பார்த்து ஒரே சொல்லைப் போட்டால் மூன்றும் குழம்பும். மங்கோலிய அய்மக்குக்கு ‘மாகாணம்’ போதும். புதிதாக எதுவும் வேண்டாம்.

‘இவ்வளவு குறைந்த மக்கள்தொகைக்கு மாகாணமா, மாவட்டம் போதாதா’ என்று இழையில் சிலர் கேட்டிருந்தார்கள். நாட்டின் பரப்பு ஏறத்தாழ 15.6 லட்சம் சதுர கி.மீ. மக்கள் சுமார் 35 லட்சம். அவர்களில் பாதிப் பேர் தலைநகர் உலான்பாத்தரில். மீதிப் பேருக்குத்தான் 21 அய்மக்குகள். தெற்கே கோபிப் பாலைவனத்தில் இருக்கும் ஓம்னோகோவி மட்டுமே 1,65,000 சதுர கி.மீ.; தமிழ்நாட்டைவிடப் பெரியது, ஆனால் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. அப்புறம் ஒர்க்கோன் இருக்கிறது: வெறும் 844 சதுர கி.மீ., எர்தெனெத் என்ற செம்புச் சுரங்க நகரும் சுற்றுப்புறமும், இரண்டே சும். 1994இல் புதிதாக ஆன மூன்று அய்மக்குகளில் அது ஒன்று. பரப்பை வைத்தோ தலையை எண்ணியோ பெயர் வைத்தால் இரண்டுக்கும் ஒரே சொல் வராது. இரண்டும் ஒரே படியில் நிற்பதால்தான் ஒரே சொல்.

சிக்கல் சும்மில்தான். ஏறத்தாழ 330 சும்கள் இருக்கின்றன. ‘மாவட்டம்’ என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் உலான்பாத்தர் நகரின் பிரிவுகளான ஒன்பது தூரெக்குகளுக்கு என்ன செய்வது? அவையும் ஆங்கிலத்தில் மாவட்டம் என்றே வருகின்றன. தூரெக்கை, சென்னை மாநகராட்சி வழக்குப்படி, மண்டலம் என்றும் அதன் உட்பிரிவான கோரோவை வார்டு என்றும் சொல்லிவிடலாம். சும்முக்கு ‘வட்டம்’ சரிவரும் என்று முதலில் தோன்றும். ஆனால் தாலுகாவும் வட்டம், நகர வார்டையும் கட்சிக்காரர்கள் வட்டம் என்கிறார்கள்.

நான் முன்வைப்பது ‘கூற்றம்’. எமனைக் குறிக்கும் சொல் என்ற தயக்கம் வேண்டாம். நிலப்பிரிவின் பெயராக ‘தஞ்சாவூர்க் கூற்றம்’ என்று சோழர் கல்வெட்டிலேயே இருக்கிறது. இடப்பெயரோடு சேர்ந்து வரும்போது பொருள் குழம்பாது. கன்போக்த் என்ற சும்மைக் கன்போக்த் கூற்றம் என்று எழுதிப் பாருங்கள், தெளிவாகவே இருக்கிறது.

பக் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு. ஊராட்சி, கிராமம் என்ற சொற்கள் இங்கே பொருந்தவே பொருந்தா, ஏனென்றால் பெரும்பாலான பக்குகளில் ஊரே கிடையாது. ஆடுமாடு, குதிரை, ஒட்டகத்தோடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் குடும்பங்களின் தொகுதி அது. பிள்ளைகள் சும் மையத்தின் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். மருத்துவமனைக்கும் அங்கேதான் வர வேண்டும். கடுங்குளிரில் கால்நடை மடியும் ‘ஜுத்’ வந்தால், ஒரு பக்கில் பதிவான குடும்பம் வேறு சும்மில், ஏன், வேறு அய்மக்கில்கூட மேய்த்துக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் டிசம்பரில் கால்நடைக் கணக்கெடுப்பு நடக்கும்போதும் அந்தக் குடும்பம் எந்த பக்கைச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. அதாவது பக் என்பது நிலத்தைவிட ஆட்களைச் சேர்ந்த பிரிவு.

இதற்கு ‘பாடி’ என்று வைக்கலாம். ஆயர்பாடி நமக்குத் தெரிந்த சொல். முல்லை நிலத்து மேய்ப்பரின் குடியிருப்பு. படை தங்கும் இடமும் பாடிதான். ‘மேய்ச்சல்பாடி’ என்று விரிக்கலாமா என யோசித்தேன், வேண்டாம்: சும் மையத்தில் நிலையாகக் குடியிருப்பவர்களுக்கும் ஒரு பக் உண்டு. தனியாக நின்றால் ஆங்கிலச் சொல்லாகப் படித்துவிடுவார்களே என்ற அச்சம் நியாயம்தான். ஆனால் அது பெரும்பாலும் பாடித் தலைவர், பாடிப் பொதுக்கூட்டம் என்று சேர்ந்தே வரும். அந்தப் பொதுக்கூட்டம் முக்கியம்: அய்மக்குக்கும் சும்முக்கும் குடிமக்கள் பேரவை உண்டு, பக்கில் பேரவை இல்லை, குடிமக்களே நேரில் கூடுகிறார்கள். நம் கிராமசபைக்கு நெருக்கம்.

மிச்சம் கொஷூ. சீனாவை ஆண்ட சிங் (Qing) பேரரசுக் காலத்தில் அய்மக்குக்கும் சும்முக்கும் நடுவே இருந்தது. 1931இல் மங்கோலியாவில் ஒழிக்கப்பட்டது, உள் மங்கோலியாவில் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது பரம்பரைப் பிரபுக்களின் ஆட்சிநிலம். மேய்ப்பர்கள் தங்கள் கொஷூவின் எல்லையை விருப்பம்போலக் கடக்க முடியாமல் இருந்தது. ஆங்கிலத்தில் banner என்பதால் அதே வழியில் ‘கொடி’ என்று போட்டால் செடிகொடியா, கொடிக்கம்பமா என்று திகைப்பார்கள். ‘கொடிநாடு’ என்று எழுதிப் பார்த்தேன், முழு நிறைவில்லை. கல்வெட்டுச் சொற்களில் பழக்கமுள்ள அம்மா, ஐயா யாராவது இதற்கு ஒரு சொல் எடுத்துத் தாருங்கள்.