இன்புளுயன்சா பரவல் ஆய்வுக்குச் சுண்டெலி போதுமா?

கேள்வி: முதுகலை மாணவி, சென்னை

வணக்கம். இன்புளுயன்சா (ஃப்ளூ) வைரஸ் ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதை ஆய்வுத் திட்டமாக எடுக்க விரும்புகிறேன். எங்கள் துறையின் விலங்குக் கூடத்தில் சுண்டெலி மட்டுமே இருக்கிறது. நான் படித்த கட்டுரைகளிலோ ஃபெரட்டும் (கீரி போன்ற தோற்றமுள்ள சிறு விலங்கு) கினிப்பன்றியுமே வருகின்றன. சுண்டெலியை வைத்துச் செய்தால் ஏற்பார்களா?

பதில்: கால்நடை மருத்துவர், மாதவரம்

பரவலைத்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சுண்டெலி உதவாது. அதன் நுரையீரலில் வைரஸ் பெருகும். எடை குறைந்து, முதுகு வளைந்து, மயிர் சிலிர்த்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். ஆனால் பக்கத்தில் இருக்கும் எலிக்கு அது நோயை எளிதில் கொடுப்பதில்லை. தவிர, ஆய்வகச் சுண்டெலி வகைகளில் பெரும்பாலானவற்றில், இன்புளுயன்சாவைத் தடுக்கும் எம்எக்ஸ்1 மரபணு செயலிழந்திருப்பதால், அவற்றில் காணும் நோயின் கடுமையை அப்படியே மனிதருக்குப் பொருத்திப் பேச முடியாது. ஃபெரட்டுக்கு நம்மைப் போலவே காய்ச்சலும் தும்மலும் வரும்; 1933இல் இங்கிலாந்தில் மனித இன்புளுயன்சா வைரஸைப் பிரித்தெடுக்க உதவியதும் அதுவே. ஆனால் அதை வரவழைத்துப் பராமரிப்பது முதுகலைத் திட்டத்துக்குக் கட்டுப்படியாகாது.

பதில்: ஆராய்ச்சி மாணவர், கிண்டி

கினிப்பன்றியைப் பரிசீலிக்கலாம். நியூயார்க் குழுவொன்று 2007இல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரி செல்சியஸில் நன்றாகக் காற்றுவழி பரவிய வைரஸ், 30 டிகிரியில் பரவவில்லை. ஆனால் விலங்குகளை ஒரே கூண்டில் வைத்தபோது 30 டிகிரியிலும் பரவியதாக அதே குழு அடுத்த ஆண்டு எழுதியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஃப்ளூ கூடும் சென்னைக்கு இந்த இரண்டாவது முடிவுதான் பொருந்தும் என்பது என் கருத்து. ஒரு சிக்கல்: கினிப்பன்றி வெளிப்படையாக நோயுறாது. ஆகவே மயக்க மருந்து கொடுத்து, மூக்கில் உப்புக்கரைசலை விட்டு, சொட்டும் நீரைப் பெட்ரித் தட்டில் பிடித்து வைரஸை அளக்க வேண்டும்.

பதில்: கால்நடை மருத்துவர், மாதவரம்

சுண்டெலிதான் என்று முடிவானால், கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள், அம்மா. எலியில் வளரப் பழக்கப்பட்ட பி.ஆர்.8 என்ற இன்புளுயன்சா வைரஸ் வகையைக் கொண்டு, தடுப்பூசி போட்ட எலியின் நுரையீரலில் வைரஸ் அளவு எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது முறையான ஆய்வே. எந்தக் கேள்வியானாலும், ஏன் இந்த விலங்கு, ஏன் இத்தனை எண்ணிக்கை என்று நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு கேட்கும். அதன் ஒப்புதல் கைக்கு வரும்வரை ஒரு விலங்கையும் தொடாதீர்கள்.

மாணவி

மிக்க நன்றி, ஐயா. தடுப்பூசிக் கேள்வியையே வழிகாட்டியிடம் முன்வைக்கிறேன்.