மறுமொழி: அசாண்டேயரின் ‘மங்கு’வுக்குச் சூனியம் பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தெற்கு சூடானின் அசாண்டே மக்களைப் பற்றி மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சார்ட் 1937இல் வெளியிட்ட ஆய்வில் வரும் ‘மங்கு’ என்ற சொல்லைத் தமிழில் சூனியம் என்றே மொழிபெயர்த்துவிடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். வேண்டாம். சூனியம் காசு கொடுத்து வைக்கச் சொல்வது. தகடு, எலுமிச்சம்பழம், மந்திரம் எல்லாம் வேண்டும். மங்குவுக்கு இவை எதுவும் தேவையில்லை. அசாண்டேயர் நம்பிக்கையில் அது சிலர் வயிற்றுக்குள் இருந்து பிறருக்குத் தீங்கு செய்யும் ஒரு பொருள். தந்தை வழியாக மகனுக்கும் தாய் வழியாக மகளுக்கும் வருவது. இருப்பது உரியவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் மங்குவால் தீங்கு செய்ததாகப் பழி விழுந்தவர் முன், நஞ்சு புகட்டிக் குறி கேட்டபோது செத்த கோழியின் சிறகை வைத்ததும், அவர் வாயில் நீர் கொண்டு அதன்மேல் ஊதித் தெளிக்கிறார்; தான் அறியாமல் தன்னுள் மங்கு இருந்தால் அது குளிரட்டும் என்கிறார். எந்தச் சூனியக்காரன் இப்படிச் சொல்வான்?

‘கண்ணேறு’ நெருங்கி வருகிறது. சடங்கு இல்லை, பொறாமை உண்டு. ஆனால் அது பார்வையில் இருப்பது, பரம்பரையாக வருவதும் அல்ல. ‘மங்கு’ என்றே விட்டால் நம்மவர்களுக்கு மங்கு சனிதான் நினைவுக்கு வரும்!

மருந்து வைத்துச் செய்யும் தீங்கை அசாண்டேயரே தனியாகப் பிரிக்கிறார்கள். அதற்குச் ‘செய்வினை’ தயாராக இருக்கிறது. அதற்கு இணையாக மங்குவை ‘உள்வினை’ என்றால் என்ன? உடையவர் ‘உள்வினையர்’, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. வினை என்றதும் ஊழ்வினை நினைவுக்கு வரும் என்பீர்கள். செய்வினை என்று கேட்டு யாரும் முற்பிறவியைத் தேடுவதில்லையே.

அடிக்குறிப்பில் ‘ஒருவகை மூடநம்பிக்கை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்மேல் தானியக் களஞ்சியம் சரிகிறது. களஞ்சியத்தின் கால்களைக் கரையான் அரித்திருந்தது அசாண்டேயருக்கும் தெரியும். இவர்கள் கீழே உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் ஏன் சரிந்தது என்பதே அவர்கள் கேள்வி. அதற்கு விடைதான் மங்கு. இந்தக் கேள்வியை அவர்கள் பக்கம் நின்று விளக்கியதற்காகத்தானே அந்த நூலை இன்றும் படிக்கிறோம்?

கோழிக்குப் புகட்டி விடை கேட்கும் ‘பெங்கே’ நஞ்சுக்கு ‘நச்சுக்குறி’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அதில் எனக்கே முழு நிறைவில்லை. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்.