உருகுநிலை குறைவாகவே வருகிறது, உதவுங்கள்

படிகம்03: மறுபடிகமாக்கிய (சூடாகக் கரைத்து, ஆறவைத்துத் திரும்பப் படிகமாக்கிய) பொருள் 104 டிகிரியில் உருகத் தொடங்கி 110 வரை இழுக்கிறது. இரண்டு தடவை பார்த்தாச்சு. பார்க்க வெள்ளையாக, பளபளவென்றுதான் இருக்கிறது. நாளை மறுநாள் பிராக்டிகல். எங்கே தப்பு?

குடுவை: என்ன பொருள்? எதில் கரைத்தீர்கள்? எப்படி உலர்த்தினீர்கள்?

பாரபின்: சூடேற்றும் வேகம்தான் காரணம். பர்னரைக் குறையுங்கள். கடைசி 15 டிகிரிக்கு நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரிதான் ஏற வேண்டும்.

நெல்லைமணி: தெர்மாமீட்டரைச் சோதித்தீர்களா? சுத்தமான பென்சாயிக் அமிலத்தை வைத்துப் பாருங்கள், 122-இல் உருக வேண்டும்.

படிகம்03: சாரி, அசெட்டனிலைடு. வெந்நீரில் கரைத்தேன். வடிகட்டி, பில்டர் பேப்பரில் கால் மணி நேரம் வைத்தேன்.

பழையலேப்: கால் மணி நேரமா? தம்பி, இது முதலாண்டுப் பாடம். தண்ணீரும் மாசுதான்; மாசு கலந்தால் உருகுநிலை குறையும், இடைவெளியும் விரியும். 114-இல் உருக வேண்டிய அசெட்டனிலைடு, கொதிநீருக்குள் 83 டிகிரியிலேயே எண்ணெய் போல உருகிவிடும். ஈரத்தோடு கேபிலரியில் (உருகுநிலை பார்க்கும் மெல்லிய கண்ணாடிக் குழாயில்) அடைத்தால் வேறென்ன நடக்கும்? பேப்பர்களுக்கு நடுவே வைத்து அழுத்திவிட்டு, வாட்ச் கிளாசில் (குழிவான கண்ணாடித் தட்டில்) பரப்பி 60 டிகிரி ஓவனில் வையுங்கள். எடை மாறாமல் நிற்கும்வரை எடுக்காதீர்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு 100-இல் வைத்தால் அங்கேயே உருகிவிடும்.

நெல்லைமணி: ஆமாம், இவர் சொல்வது சரி. தெர்மாமீட்டர் பிழை என்றால் மொத்தமும் தள்ளிப் போகும், இடைவெளி இப்படி 6 டிகிரிக்கு விரியாது.

பாரபின்: வேகமாகச் சூடேற்றினாலும் விரியும் சார்.

பழையலேப்: விரியும். ஆனால் கேபிலரிக்குள் இருக்கும் தூள், அதைச் சுற்றிச் சூடேறும் எண்ணெயை விடப் பின்தங்கித்தான் சூடாகும். அதனால் அளவு கூடுதலாகக் காட்டுமே தவிர குறையாது.

பாரபின்: தெர்மாமீட்டரும் பின்தங்குமே? குமிழ் தடிமனாக இருந்தால் குறைத்தும் காட்டலாம். நானே பார்த்திருக்கிறேன்.

குடுவை: அந்தச் சண்டை அப்புறம். படிகம்03, உலர்ந்த பிறகும் குறைந்தால் மாசு உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். கரைசலை ஐஸில் சட்டென்று குளிர வைத்தீர்களா? அறை வெப்பத்தில் மெல்ல ஆறவிட்டு, பிறகு ஐஸில் வையுங்கள். வடிகட்டியபின் கொஞ்சம் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். நிறைய ஊற்றினால் பொருள் கரைந்து விளைச்சல் போய்விடும்.

படிகம்03: 60-இல் மூன்று மணி நேரம் வைத்தேன். 113–114 வந்துவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா.

பாரபின்: இந்தத் தடவை பர்னரையும் குறைத்தீர்களா?