மூன்றாங்கட்டு குளியலறை: முப்பதாயிரத்துக்குள் முடியுமா?

காரைக்குடி பக்கம் பழைய வீடு. பின்பக்கம் மூன்றாங்கட்டில் இருக்கிற குளியலறைத் தரையில் ஆத்தங்குடி கல் (கையால் செய்கிற டைல்), சுவரில் சுண்ணாம்புப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அப்பத்தாவுக்குக் கால் வழுக்குகிறது. கையில் முப்பதாயிரம்தான். எல்லாத்தையும் பெயர்த்துப் போடணும் என்கிறார் கொத்தனார். எனக்கு மனசு வரவில்லை. பங்காளிகளுக்கும் பதில் சொல்லணுமே!

பதில்: பெயர்க்காதீங்க அண்ணே. தண்ணீர் போகும் குழாயை இடம் மாற்றாமல் விட்டாலே பெரிய செலவு மிச்சம். குளிக்கிற மூலைக்கு மட்டும் சொரசொரப்பு டைல் போதும். சுவரில் சிமெண்ட் பூச விடாதீங்க. ஈரம் உள்ளேயே தங்கி, பக்கத்துப் பூச்சும் உப்பிக்கிட்டு விழும். சுண்ணாம்பே பூசச் சொல்லுங்க. கொத்தனார் முனகுவார், முனகட்டும்.

பதில்: முதல் செலவு கைப்பிடிக் கம்பியாக இருக்கட்டும். உதிர்கிற பூச்சில் திருகாணி நிற்காது, உள்ளே செங்கல் வரை துளை போகணும். கறைக்கு ஆசிட் ஊற்றாதீங்க. ஆத்தங்குடி கல் சிமெண்டில் வார்த்தது, நிறத்தை அரித்துவிடும்.

கேட்டவர்: சரி. முகப்புத் தரை மாதிரி தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: குளியலறையிலா? அப்பத்தாவை நினைச்சுப் பாருங்க அண்ணே!