ஓடிஜி (கரண்டு ஓவன்) அடுப்புல மேல் ராடு மட்டும் போட்டுச் சுட்டா மீன் தண்ணி விடுது, கோழி கருகுது, ஏன்?

பாளை_அடுப்படி:
35 லிட்டர் ஓடிஜி, 1600 வாட். மேல் ராடு மட்டும் போட்டு, 180 டிகிரியில நெய்மீன் துண்டும் கோழித்தொடையும் சுடுதேன். நடுத்தட்டுல வச்சா மீன் வெளுத்துப்போய்த் தண்ணிக்குள்ள கெடக்கு. கோழிய மேல்தட்டுக்கு ஏத்துனா வத்தல்பொடி கருகுது, எலும்போரம் செவப்பாவே நிக்குது. சாயங்காலம் செஞ்சா இன்னும் மோசம். ரெண்டுக்கும் வத்தல்பொடி, மஞ்சள், இஞ்சி பூண்டு, தயிர், எலுமிச்சை. ராத்திரி முழுக்க ஊறுது. எங்க பிசகுது?

கனல்_கணக்கு:
180-தான் மொதக் கோளாறு அக்கா. இதுல கறிய வேகவைக்கிறது உள்ள இருக்க சூட்டுக்காத்து இல்ல, செவந்த ராடுலேர்ந்து நேரா எறங்குற அனல். காத்து 180-ஐத் தொட்டதும் தெர்மோஸ்டாட் ராடை அணைச்சிரும், கறி சும்மா வேர்த்துக்கிட்டுக் கெடக்கும். குமிழைக் கடைசி வரை (230 இல்லன்னா 250) திருப்பி 10 நிமிஷம் வெறுமன எரிய விடுங்க. ராடு நல்லாச் செவந்த பொறவு உள்ள வைங்க.

அடுத்து ஈரம். மேல இருக்க தண்ணி வத்துற வரைக்கும் கறி செவக்காது. ஒட்டியிருக்க மசாலாவை வழிச்சுட்டு, நல்லெண்ணெய் தடவிச் சுடுங்க. கறி படுறதுக்கு முந்தியே கொஞ்சம் மசாலாவைத் தனியா எடுத்து வச்சு, கடைசி 3 நிமிஷத்துல பூசுனா வத்தல்பொடி கருகாது.

எலும்புள்ள தொடைக்கு ராடுலேர்ந்து 13–15 செ.மீ. எறக்கம் வேணும். ஆழமா ரெண்டு கீறல் போட்டு, தோல் கீழ பாக்க 15 நிமிஷம், திருப்பி 10. எலும்போரச் செவப்ப நம்பாதீங்க, இளங்கோழியில வெந்த பொறவும் அது இருக்கும். கனமான எடத்துல, எலும்பைத் தொடாம தெர்மாமீட்டர் குத்துனா 74 டிகிரி காட்டணும்.

உவரி_கரை:
மீனுக்குக் கணக்கு வேற. எலுமிச்சையில ராத்திரி முழுக்கக் கெடந்தா சதை அங்கயே வெளுத்து இறுகிரும், அனல் பட்டதும் தண்ணிய விட்டுரும். 15 நிமிஷம் போதும், தயிர் வேண்டவே வேண்டாம். துண்டு 2 செ.மீ. கனம் இருக்கணும், மெல்லிசா வெட்டுனா செவக்குறதுக்குள்ள காஞ்சிரும். துணியால ஒத்தியெடுத்து, சூடேறுன கம்பி வலையில எண்ணெய் தடவி வைங்க. ராடுலேர்ந்து 7–8 செ.மீ., மொத்தம் 8 நிமிஷம், ஒரே ஒரு தடவ திருப்பல். நடுமுள்ளுகிட்ட கத்தி முனையால தள்ளிப் பாருங்க, சதை முள்ள விட்டு லேசாப் பிரிஞ்சு வந்தா எடுத்திரலாம்.

இந்தச் சூட்டுக்குன்னே பொறந்தது சாளை (மத்தி மீன்). அதோட கொழுப்பே போதும், எண்ணெய் தேடாது. முழுசாக் கீறி, பக்கத்துக்கு 3–4 நிமிஷம். இறாலுக்கு மொத்தமே 4–5 நிமிஷம்.

மின்கம்பம்:
சாயங்காலக் கோளாறுக்கு வோல்ட்டேஜ்தான் காரணமா இருக்கும், மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. சூடு வோல்ட்டேஜோட வர்க்கத்துக்குத் தக்கக் கொறையும்: 230-க்குப் பதில் 190 வந்தா 1600 வாட் அடுப்பு சுமார் 1100-தான் இழுக்கும். அதுவும் ரெண்டு ராடும் சேந்த கணக்கு. மேல் ராடு மட்டும்னா பெரும்பாலும் பாதி. அதனால ரெண்டு ராடும் போட்டுச் சூடேத்திட்டு, கறி வைக்கும்போது மேல் ராடுக்கு மாத்துங்க. 16 ஆம்பியர் பிளக்குல நேரா சொருகுங்க, எக்ஸ்டென்ஷன் வயரு ஆகாது.

பாளை_அடுப்படி:
நன்றி அண்ணாச்சி. கதவ லேசாத் திறந்து வைக்கலாமா? நாட்டுக்கோழிக்கும் இதே முறைதானா? கீழ்த்தட்டுல வடியுற கொழுப்பு வேற புகையுது.

கனல்_கணக்கு:
கதவு விஷயத்துல அடுப்போட கையேடு சொல்லுறதத்தான் கேக்கணும். திறந்து வச்சா ராடு அணையாம எரியும், வாஸ்தவம். ஆனா எல்லா அடுப்பும் அந்தச் சூட்டைத் தாங்காது, குமிழ் உருகிரும்.

நாட்டுக்கோழிய நேரா சுட்டா நார்நாரா இறுகிரும். குக்கர்ல வேகவச்சு, தண்ணிய வடிச்சு, ஆற விட்டு, கடைசி 5 நிமிஷம் மட்டும் ராடுக்குக் கீழ காட்டுங்க. ஆட்டுத்தொடைக்கும் அதேதான்.

புகைக்குக் கீழ்த்தட்டுல அரை டம்ளர் தண்ணி ஊத்துங்க. வலைமேல அலுமினியத் தாள் விரிச்சிராதீங்க, கொழுப்பு வடியாம தேங்கி ராடுக்கு நேர் கீழ தீப்பிடிக்கும். அப்படிப் பிடிச்சா கதவத் திறக்காம சுவிட்ச அணைச்சிட்டு, தானா அடங்க விடுங்க.